ஒபிசருக்கு வருத்தம் வராது

எனக்கு இப்போது பித்தப்பை இல்லை. அதை வெட்டி எடுத்து ஒரு கோடை போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "உங்களுக்கு எப்பிடி வந்தது, நீங்கள் நல்ல உறுதியான ஆளல்லோ" என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதியே விடுகிறேன். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே குத்தி, அந்தக் குத்து தோள்மூட்டுக்கு ஏறினால், வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நான் இருந்தேன்.

அந்த நோய் வருத்தத்தைச் சொல்வதற்கு முதல் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்னைக் கொல்லப் பார்த்தது கல் பாதி, உத்தியோகம் பாதி.

நான் திருகோணமலையான். கொழும்புக் கோட்டையில், தேயிலையும் ரப்பரும் கப்பலில் ஏற்றிய ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில், அவர்களுடைய கொடி இறங்குவதற்கு முன்பே கிளாக்கராகச் சேர்ந்தவன். பிறகு ஆளணிப் பகுதிக்கு மாறி, அங்கே முதல் தமிழ் ஒபிசராகக் கதிரையில் உட்கார்ந்தவன். ஆளணிப் பகுதி என்றால், யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இடமாற்றம், யாருக்குச் சுகவீன லீவு என்று பார்க்கிற இடம். துரைமாரின் வருத்தங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரு துரைக்குக் காய்ச்சல் என்றால் மலைநாட்டுக் காற்று; காய்ச்சல் நீண்டால் சீமைக்குக் கப்பல், அதுவும் முதலாம் வகுப்பு. எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் கொம்பனி டொக்டர் நாக்கைப் பார்த்து நம்ப வேண்டும். ஏப்ரலில் மலைநாட்டு நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் தொடங்கும்போதுதான் துரைமாரில் பாதிப் பேருக்கு ஈரல் கெடும். நான் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் லீவு எழுதிக் கொடுப்பேன்.

ஆனால் உண்மையாகவே நோய்ப்பட்ட துரைமாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருத்தம் பெருக்கப் பெருக்கச் சொல்லைச் சுருக்குவார்கள். தடிமன் பிடித்தவன் உலகம் முடிந்துவிட்டதாகப் புலம்புவான். ரப்பர் பகுதித் துரை ஒருவர் ஒருநாள் "இன்றைக்குக் கொஞ்சம் சோர்வு" என்று மட்டும் சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கிழமையே அவரை அடக்கம் செய்தோம். ஒபிசர் தன் நோவைச் சத்தம் போட்டுச் சொல்வது கௌரவக் குறைவு. கேட்கிற ஒபிசர்தான் அந்தச் சின்னச் சொல்லிலிருந்து பெரிய வருத்தத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பாஷையை நான் துரைமாரை விட நன்றாகப் பழகினேன். கொம்பனியை அரசாங்கம் எடுக்கும்வரை ஒருநாள்கூடச் சுகவீன லீவு போடவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

இப்போது நானும் என் மனைவி மகேஸும் கனடாவில், மொன்றியலின் லாசால் பக்கத்தில், மகள் சுகந்தியோடும் மருமகன் சந்திரனோடும் இருக்கிறோம். மருமகன் டாக்ஸி ஓட்டுகிறார். சுகந்தி, மருந்துக் குளிசைகளைப் போத்தலில் அடைக்கும் ஒரு பக்டரியில் வேலை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப்போன பிள்ளை. வேலை முடிந்து வந்து இரவு வகுப்பில் பிரெஞ்சு படித்து, அந்தப் பாஷையில் சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறினாள். அந்த வசந்தத்தில் அவளைச் சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள், தகுதிகாண் காலத்துக்கு. அது ஒழுங்காக முடிந்தால் இடம் நிரந்தரம். கால் நோக நிற்கவும் தேவையில்லை. எங்கள் ஆட்களில் ஒருவரும் அங்கே அந்த இடத்துக்கு வந்ததில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஆனால் தகுதிகாண் காலம் என்றால் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் லீவு கேட்டவனின் பெயருக்குப் பக்கத்தில் நானே சிவப்பு மையால் புள்ளி வைத்திருக்கிறேன். மேலிடத்துக்கு வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அவளுடைய அந்தக் காலம் முடியக் கொஞ்ச நாட்களே இருந்தபோதுதான் எனக்கு விலாவுக்குக் கீழே குத்தத் தொடங்கியது.

முதலில் இஞ்சி. பிறகு ஓமம். பிறகு சத்தி, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஒரு காலை மகேஸ் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கண் மஞ்சளாக் கிடக்கு. சுகந்திக்குப் போன் அடிச்சுச் சொல்லப்போறன்."

"சொல்லிப்போடாதை! அவள் வேலையிலை நிக்கிறாள். இப்ப லீவு எடுத்தாளெண்டா எல்லாம் பாழ்."

"உங்கட கொம்பனியை அரசாங்கம் எடுத்து எத்தினை வருசம்! இன்னும் அந்தத் துரைக்கோ பயப்பிடுறியள்?"

"எனக்கு ஒண்டுமில்லை, மகேஸ். கொஞ்சம் சோர்வு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினாள். இரண்டு கிழங்களும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எமெர்ஜென்சியில் முதலில் ஒரு நேர்ஸ் கூப்பிட்டு, எவ்வளவு அவசரம் என்று பார்ப்பாள். அவள் சொல்வதை வைத்துத்தான் வரிசை. என்னிடம் அவள் கேட்டது: "பூச்சியம் என்றால் நோவே இல்லை. பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான நோவு. உங்களுடையது எத்தனை?"

நான் முதுகை நிமிர்த்தி, என்னுடைய கொழும்புக் கோட்டை இங்கிலீசில், "இரண்டு" என்றேன்.

இரண்டுக்கு உரிய மரியாதையை எனக்குத் தந்தார்கள். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தே இருந்தோம். கை வெட்டியவன் போனான், காது நொந்த குழந்தை போனது, கணுக்கால் பிரண்ட ஒரு பெண்பிள்ளை சிரித்துக் கதைத்துக்கொண்டே எனக்கு முன்னால் போனாள். மகேஸ் கைப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மல்லித் தண்ணீர் ஊற்றித் தந்தாள். குடிக்க முடியவில்லை. வேர்வை சட்டைக் கொலரை நனைத்தது. கழுத்தில் கட்டியிருந்த ரையை மட்டும் நான் தளர்த்தவில்லை.

கடைசியில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு என் மஞ்சள் கண்ணே சாட்சி சொல்லிவிட்டது. வார்டில் போட்டார்கள். அடுத்த நாள் வயிற்றில் குளிர்ந்த ஒரு பசையைப் பூசி, ஒரு கருவியை உருட்டி ஸ்கேன் செய்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். ஈரலுக்குக் கீழே பித்தப்பை என்று ஒரு சின்னப் பை தொங்குகிறது. கொழுப்பைச் செமிக்க வைக்கிற பித்தநீர் அதில்தான் சேர்ந்திருக்கும். என்னுடைய பையில் கற்கள். அதில் ஒன்று குழாய்க்குள் இறங்கி வழியை அடைத்ததால்தான் மஞ்சள். வாய் வழியாகக் கமெராக் குழாய் ஒன்றை விட்டு அந்தக் கல்லை எடுத்துவிடலாம். பையை ஒப்பரேசன் செய்து எடுக்க வேண்டும், ஆனால் நோவு குறைவாக இருப்பதால் அதற்கு நாள் குறித்துப் பிறகு கூப்பிடலாம் என்றார்.

எனக்கு அது தேன். சுகந்தியின் நாட்கள் முடியட்டும், பிறகு பையை எடுத்தாலென்ன, பெட்டியோடு எடுத்தாலென்ன?

கமெராக் குழாயால் அந்தக் கல்லை எடுத்தார்கள். மஞ்சள் இறங்கும்வரை வார்டிலேயே வைத்திருந்தார்கள். நோவு போகவில்லை, இடம் மாறி முதுகுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறை ஆள் மாறி வரும் நேர்சும் அதே கேள்வியைக் கேட்பாள். நானும் சளைக்காமல் "இரண்டு" என்பேன். ஒருநாள் கையை முறுக்கிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மூன்று" என்று சொன்னேன். கொம்பனியில் அது கப்பலில் ஏற்றி அனுப்புகிற வருத்தம். அவள் நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டு எழுதிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் லூசியன் என்று ஒரு கிழவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகக் கல். அவர் நோவைக் கேட்டால் கட்டிடமே அதிரும். "டிஸ்! டிஸ்!" என்று கத்துவார். டிஸ் என்றால் பிரெஞ்சில் பத்து. கத்தியதும் ஊசி வரும். ஊசி போட்டதும் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்ப்பார். சீ, என்ன மனிதர், ஆம்பிளைக்கு ஒரு அடக்கம் வேண்டாமா என்று நான் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

சுகந்தி வேலை முடிந்து மெட்ரோவில் வருவாள். மகேஸ் கட்டிக்கொடுத்த குத்தரிசிக் கஞ்சி கையில் இருக்கும்.

"டொக்டர் என்ன சொன்னவர், அப்பா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. சும்மா ரெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கிடத்தியிருக்கினம். நீ ஏன் ஒவ்வொரு நாளும் அலையிறாய்? வேலையைப் பார்."

"நோகுதோ?"

"சீச்சீ."

அவள் என் காலை அமத்திவிட்டுக்கொண்டே நித்திரையில் தலை சரிவாள். நான் அவள் முகத்தைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். காலையில் மருமகன் டாக்ஸியை வெளியே விட்டுவிட்டு ஓடி வந்து எனக்குச் சவரம் செய்துவிடுவார். தாடியோடு டொக்டரைச் சந்திப்பதில்லை என்பது என் சட்டம். "மாமா, இது ஆஸ்பத்திரி, இன்டர்வியூ இல்லை" என்று பகிடி பண்ணுவார். ஆனால் ஒருநாளும் வராமல் விட்டதில்லை.

சுகந்தியின் தகுதிகாண் காலத்தில் அது கடைசிக் கிழமை. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கிடந்தேன். திடீரென்று குளிர். பல் பல்லோடு அடித்தது. கட்டில் கம்பி கிடுகிடு என்று சத்தம் போட்டது. நேர்சைக் கூப்பிட மணியை அமர்த்தலாம்; விரலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. இது கொஞ்ச நேரத்தில் போய்விடும், இப்போது கூப்பிட்டால் மகளுக்கு அறிவிப்பார்கள் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

லூசியன் ஹொக்கியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தன் மணியை அமர்த்தினார். ஒருவரும் வரவில்லை. எழும்பி, பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரிச் சட்டையோடு, சேலைன் தடியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கத்தினாரே ஒரு கத்து! என்னைக் கைகாட்டி "டிஸ்! டிஸ்!" என்று கத்தினார். எனக்காக இன்னொருவர் பத்துச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். ஒரு மெஷினுக்குள் என்னைத் தள்ளிப் படம் எடுத்தார்கள். வந்து சொன்ன சத்திரசிகிச்சை டொக்டர் நடுத்தர வயதுப் பெண். கோபத்தை அடக்கிக்கொண்டு கதைத்தார். பித்தப்பை அழுகி ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே சீழ் பரவுகிறது. இப்போதே வெட்ட வேண்டும்.

"வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சல் ஏறாது, வயிறும் இறுகாது. அதனால் அவர்கள் சொல்கிற நோவைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம். நீங்கள் இரண்டு என்று சொன்னீர்கள்."

"கொஞ்சம் சோர்வாகவும் இருந்தது," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நேர்ஸ் மகளுக்கு அடிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், வேலை முடிந்த பிறகு அடியுங்கள், தயவுசெய்து, அவளுக்கு இது கடைசிக் கிழமை என்று. அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய் அடித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சாவுக்குப் பயம்தான், பொய் சொல்லவில்லை. அதைவிட, அந்தப் பிள்ளை இத்தனை வருசம் நின்ற நிலையை நான் வந்து கெடுத்துவிட்டேனே என்றுதான் அழுதேன்.

சுகந்தி வந்தபோது பக்டரிச் சட்டையைக் கழற்றவில்லை. தலையில் வலைத்தொப்பிகூட அப்படியே. வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, டொக்டரிடம் போனாள். பிரெஞ்சில் பிடித்தாள் பாருங்கள்! எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் டொக்டர் தலையாட்டிக் கேட்டார், நேர்ஸ் குனிந்து எழுதினாள், லூசியன் கட்டிலில் இருந்து கைதட்டினார். சுகந்தி சொன்னதைப் பிறகு நேர்ஸ் எனக்கு இங்கிலீசில் சொன்னாள்: "எங்கள் அப்பா இரண்டு என்று சொன்னால் எட்டு என்று எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் டொக்டரைக் கூப்பிடுங்கள்" என்றாளாம்.

பிறகு சுகந்தி என்னிடம் வந்து நெற்றியில் கைவைத்தாள். எனக்கு நாக்குக் குளறியது. ஆனாலும் ஆளணிப் பகுதிக்காரன் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"லீவு தந்தவையோ, பிள்ளை?"

"நான் லீவு கேக்கேல்லை, அப்பா."

"அப்ப?"

"என்ர அப்பாவை வெட்டப் போகினம், நான் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"தகுதிகாண் காலத்திலையோ! மனேஜர் என்ன சொன்னவர்?"

"இப்ப போனா அந்த இடத்துக்குத் தான் பொறுப்பில்லை எண்டார். பொறுப்பெடுக்க வேண்டாம் எண்டிட்டுக் கதவைச் சாத்திப்போட்டு வந்தன்."

"விசரே உனக்கு?"

"ஓம். இப்ப வாயை மூடுங்கோ. கொண்டுபோகப் போகினம்."

தள்ளுகட்டிலில் என்னைக் கொண்டுபோகும்போது கதவுவரைக்கும் கையை விடாமல் கூடவே நடந்தாள். அத்தனை வருசம் எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் நின்று, தாய்க்குச் சுகமில்லை, மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று கையைப் பிசைந்தார்கள். துரைமாரும் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கேட்டார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரையும் நான் கண்டதில்லை. மயக்க மருந்து ஏறும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. கூடவே அவள்மேல் பொல்லாத கோபமும் இருந்தது.

சின்ன ஓட்டைகள் போட்டு எடுக்கத்தான் தொடங்கினார்களாம். உள்ளே கிடந்த கோலத்தைக் கண்டுவிட்டு நீளமாகவே வெட்டினார்கள். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் சீழ் வடிய ஒரு குழாய், கையில் ஒன்று. நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க, ஊதுகுழல்போல் ஒரு சாமானைத் தந்து மூச்சை உள்ளிழுக்கச் சொன்னார்கள். இழுத்தால் உள்ளே நீலப் பந்துகள் எழும்பும். லூசியனுக்கும் எனக்கும் போட்டி. அவர் வீட்டுக்குப் போகும்போது தன் மேப்பிள் பிஸ்கட் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் மகேஸின் பருத்தித்துறை வடையில் ஒரு பை கொடுத்தேன். மெர்சி, மெர்சி என்று கதவுவரை சொல்லிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரிக்காரர் பில் என்று ஒரு துண்டும் தரவில்லை. மருத்துவ அட்டையைக் காட்டியதோடு சரி. மகேஸுக்கு நம்பிக்கை வராமல் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள், யாரும் துரத்தி வருகிறார்களோ என்று.

என் மனம் மட்டும் பக்டரியிலேயே நின்றது. சுகந்தி நான் எழும்பி நடக்கும்வரை வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"பிள்ளை, அந்த மனேஜரோடை நான் ஒருக்கால் கதைக்கட்டே? ஆளணிக்காரனுக்கு ஆளணிக்காரனை விளங்கும்."

"ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம்."

"நல்ல இங்கிலீசிலை, மரியாதையாத்தான்..."

"அப்பா, நீங்கள் எனக்காகக் கெஞ்சினியளெண்டா நான் அந்த வேலையையே விட்டிடுவன். கஞ்சியைக் குடியுங்கோ."

குடித்தேன்.

அவள் திரும்ப வேலைக்குப் போன அன்று மகேஸ் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, பின்னேரம்வரை ஜன்னலை விட்டு அசையவில்லை. சுகந்தி வந்தாள். சப்பாத்தைக் கழற்றி, முகம் கழுவி, சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"வேற ஆளைப் போட்டிட்டாங்கள், அப்பா."

மகேஸ் முந்தானையை வாய்க்குள் அடைத்தாள். எனக்குத் தையல் போட்ட இடம் சுள்ளென்றது.

"நீ என்ன சொன்னனி?"

"என்னத்தைச் சொல்ல? என்னை வேலையாலை நிப்பாட்டச் சட்டமில்லை. அந்த இடத்தைத் தா எண்டு கேக்கவும் சட்டமில்லை. புது ஆள் சின்னப் பெட்டை, எனக்கு முன்னாலை நிக்கவே கூச்சப்பட்டவள். கை குடுத்திட்டுப் பழையபடி மெஷினடியிலை போய் நிண்டன்."

"கால் நோகுமே, பிள்ளை."

"நோகட்டும்." சோற்றைப் பிசைந்தாள். "மீன்குழம்பு நல்லாயிருக்கு, அம்மா."

அதற்கு மேல் அந்தக் கதையை அவள் எடுக்கவில்லை. மகேஸுக்குத்தான் தாங்கவில்லை. ஊரெல்லாம் மகள் சூப்பர்வைசர் என்று சொல்லியாகிவிட்டது, இனி என்னத்தைச் சொல்வது என்று எனக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்து புறுபுறுத்தாள்.

போன மாதம் பக்கத்து ஊரான லவாலில் ஒரு கலியாணம். வருத்தத்துக்குப் பிறகு நான் போன முதல் சபை. பழைய கொழும்பு உத்தியோகத்தர்கள் எல்லாரும் ஒரு மேசையில். வங்கியில் மனேஜராக இருந்த ஒருவர், மகன் இன்ஜினியர், மருமகள் டொக்டர் என்று ஒப்புவித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"உங்கட மகள் பக்டரியிலை சூப்பர்வைசர் ஆகிறதெண்டு சொன்னியள். ஆகியாச்சோ?"

மகேஸ் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பிறகு சொல்லலாம் என்று பேச்சை மாற்றுங்கள் என்பது அதன் அர்த்தம். நான் காலை இழுத்துக்கொண்டேன். எழும்பியே நின்றுவிட்டேன், வெட்டின காயம் இழுத்தது, பொருட்படுத்தவில்லை. மேளம் ஓய்ந்திருந்த நேரம்.

"இல்லை," என்றேன், மண்டபத்தின் அந்தக் கரைக்கும் கேட்கும்படி. "நான் சாகக் கிடக்கேக்கை, ஒருத்தரிட்டையும் கேக்காமல், அந்த வேலையை விட்டெறிஞ்சிட்டு என்னட்டை வந்தவ. அதாலை குடுக்கேல்லை. அந்தா, பச்சைச் சேலையோடை நிக்கிறா. அவதான் என்ர மகள்."